ஷேக்ஸ்பியர் ஊருக்குப் போகும் வழியில்

இங்கிலாந்துக்குச் செல்லும் நம்மவர் பார்த்து வரும் இடங்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. இலண்டன் கோட்டை, தேம்ஸ் நதியின் பாலங்கள், அரண்மனை வாயிலில் காவலர் மாறும் காட்சி, இவற்றின் பின்னர் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்போர்டு. சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் பர்மிங்காம் நகரில் வாழும் எங்கள் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, நாங்களும் ஸ்ட்ராட்போர்டு செல்லும் புகைவண்டியில்தான் ஏறினோம். ஆயினும் அவ்வூர் வரை செல்லவில்லை. வழியில் டான்சி என்னும் சிறு நிலையத்தில் இறங்கிவிட்டோம். அங்கே இறங்கியவர் நாங்கள் மூவரே: முதியவர்களாகிய நாங்கள் இருவர், எங்களை அழைத்துச் சென்ற பேரன் ஒருவன்.

நிலையத்தில் கடை இல்லை, கூலியாள் இல்லை, வழி கேட்பதற்கு ஒரு மனிதரும் இல்லை. இருமருங்கும் வேலிச்செடி அடர்ந்த ஒற்றைத் தடத்தில் ஏறக்குறைய ஒரு மைல் நடந்தோம். முதல் நாள் பெய்த மழையில் உதிர்ந்த இலைகள் வழியெங்கும் மெத்தைபோல் கிடந்தன. மேட்டின்மேல் தேவாலயத்தின் கூரிய கோபுரம் முதலில் தென்பட்டது. பிறகு செங்கல் வீடுகள் சில, ஒரு புல்திடல், ஒரு சத்திரம். அவ்வளவே ஊர். டான்வொர்த்-இன்-ஆர்டன் என்பது அதன் பெயர். வார்விக்ஷயர் மாவட்டத்தில், பழைய ஆர்டன் வனம் பரந்திருந்த நிலப்பரப்பில் அமைந்தது.

கரோல்பாகில் நாற்பத்தைந்து ஆண்டுகள் குடியிருந்து, காலையில் பால் வரிசையிலும் மாலையில் காய்கறிச் சந்தையிலும் காலம் கழித்த எங்களுக்கு இச்சிற்றூரில் என்ன வேலை என்று நேயர்கள் வினவுவர். அதற்கு விடை ஓர் இசைத்தட்டு. அதன் கதையை முதலில் சொல்லிவிடுகின்றோம்.

நாங்கள் பர்மிங்காம் சேர்ந்த மூன்றாம் நாள் பேரன் கடைக்குச் சென்று, அட்டை உறையிட்ட கறுப்பு இசைத்தட்டு ஒன்றை வாங்கி வந்தான். அதன் விலையை அவன் சொல்லக் கேட்டதும் எங்களுக்குத் துணுக்கென்றது. வீட்டிற்கு ஒரு வாரக் காய்கறி வாங்கும் தொகை அது. அதே பாட்டுகள் அவன் கைப்பேசியில் செலவின்றியே கிடைக்கின்றன. “கிடைக்கும் பொருளுக்கு இவ்வளவு கொடுப்பானேன்?” என்று கேட்டோம். பையன் சினங்கொள்ளவில்லை. “தாத்தா, பாட்டி, நீங்கள் இருவரும் சற்று உட்காருங்கள். ஒரு பக்கம் முடியும் வரை பேசாமல் கேளுங்கள். பிறகு திட்டுங்கள்” என்றான்.

உட்கார்ந்தோம். முள் தட்டில் இறங்கிற்று. ஒரு கித்தார், ஓர் இளைஞனின் தணிந்த குரல், இவ்விரண்டே. முதற்பாட்டின் நடுவே மட்டும் பியானோ சில கணம் வந்து மறைந்தது. ஆங்கிலச் சொற்கள் எங்களுக்கு முற்றும் விளங்கவில்லை. ஆனால் விரல் ஒரு நரம்பிலிருந்து மற்றொரு நரம்புக்குத் தாவும்போது எழும் மெல்லிய உராய்வு கேட்டது. பாடுபவன் அடிக்கு முன் மூச்சை இழுப்பதும் கேட்டது. எங்களிடமிருந்து மூன்றடித் தொலைவில் ஒருவன் நாற்காலியில் அமர்ந்து, யாரும் கேட்பதாக எண்ணாமல் பாடுவதுபோன்ற உணர்வு உண்டாயிற்று. பக்கம் முடிந்தது. நாங்கள் பையனைத் திட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் இருந்த ஒலிநாடா ஒன்று அந்நேரம் எங்கள் இருவர் நினைவிலும் ஒருங்கே வந்தது. அதைப் பற்றிப் பின்னர்.

அந்த இசைத்தட்டின் பெயர் ‘பிங்க் மூன்’. இளஞ்சிவப்பு நிலா என்று பொருள். பாடியவர் நிக் டிரேக். தாமே பாட்டியற்றி, தாமே கித்தார் மீட்டிப் பாடிய கவிஞர். 1969-இல் ஒன்று, 1971-இல் ஒன்று, 1972-இல் இது ஒன்று என மூன்றே தொகுப்புகள் அவர் வாழ்நாளில் வெளிவந்தன. அக்காலத்தில் எந்தத் தொகுப்பும் ஐயாயிரம் படிகூட விற்கவில்லை என்பர். மேடைகளில் பாடக் கூச்சப்பட்டார்; பின்னர் உள்ளமும் நோயுற்றது. கேம்பிரிட்ஜில் பயின்ற இலக்கியப் படிப்பை முன்பே பாதியில் விட்டவர், இலண்டனையும் விட்டுப் பெற்றோர் வீடு திரும்பினார். 1974 நவம்பர் 25 அன்று, தம் 26-ஆம் வயதில், அந்த வீட்டிலேயே உயிர்நீத்தார். அந்த வீடு இருப்பது இந்த டான்வொர்த்தில்தான்.

இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1999-இல், அமெரிக்காவில் ஒரு மோட்டார் வண்டி விளம்பரத்திற்கு அவருடைய பாட்டொன்றைப் பயன்படுத்தினர். அதன்பின் உலகமே அவரைத் தேடத் தொடங்கிற்று. வாழ்ந்தபோது கேட்பாரற்றுக் கிடந்த தட்டுகள் மீண்டும் மீண்டும் புதிதாக அச்சிடப்பட்டன. இன்று ஒலியின் தரம் நாடுவோர் விரும்பி வாங்கும் மறுபதிப்புகளில் ‘பிங்க் மூன்’ ஒன்று.

இவ்வளவும் பேரன் சொன்னவை. ஆனால் எங்களைப் புகைவண்டி ஏறச் செய்தது அவன் போகிறபோக்கில் சொன்ன வேறொரு செய்தி. “பாட்டி, இவர் பிறந்தது உங்கள் ரங்கூனில்” என்றான்.

நேயர்களே, ரங்கூன் என்ற சொல் எங்கள் குடும்பத்தில் சாதாரணமாக உச்சரிக்கப்படும் ஊர்ப்பெயர் அன்று.

தேவாலயத்துக்குள் முதலில் சென்றோம். மேரி மக்தலேனா பெயரால் வழங்கும் அது பதினான்காம் நூற்றாண்டுக் கட்டடம். உள்ளே எங்களைத் தவிர எவரும் இல்லை. பெரிய ஆர்கன் வாத்தியத்தருகே சிறு பித்தளைத் தகடு ஒன்று இருந்தது. நிக் டிரேக்கின் நினைவாக, நடிகையான அவருடைய தமக்கை கேப்ரியல் அவ்வாத்தியத்திற்கு ஒரு குழல் வரிசை அளித்ததைக் குறிப்பது அது. நம் ஊர்க் கோயில்களில் குடும்பத்தார் விளக்கும் மணியும் உபயம் செய்து பெயர் பொறிப்பதை எண்ணிக்கொண்டோம்.

பின்னர் வெளியே வந்து கல்லறைகளினூடே நடந்தோம். ஓக் மரம் ஒன்றின் நிழலில், முழங்கால் உயரமும் இல்லாத சிறு கல். நிக் டிரேக்கின் பெயரும், 1988-இல் மறைந்த தந்தை ராட்னியின் பெயரும், 1993-இல் மறைந்த தாய் மாலியின் பெயரும் அதில் உள்ளன. பின்புறத்தில் அவருடைய பாட்டின் ஓரடி பொறிக்கப்பட்டுள்ளது. கல்லின் அடியில் கித்தார் மீட்டும் சிறு வில்லைகள் சில கிடந்தன. எங்கிருந்தோ வந்த இளைஞர் விட்டுச் சென்றவை. பேரன் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். நாங்கள் வெறுங்கையுடன் வந்துவிட்டோமே என்று வருந்தி, வேலியோரம் பூத்திருந்த ஒரு பூவைப் பறித்து வைத்தோம்.

குடும்பம் வாழ்ந்த வீட்டை நாங்கள் தேடிச் செல்லவில்லை. இப்போது அதில் வேறு குடும்பத்தார் வாழ்கின்றனர். பிறர் வாயிலில் நின்று எட்டிப் பார்ப்பது மரியாதை ஆகாது. அருகிலிருந்த மரப்பலகையில் அமர்ந்து, கொண்டு சென்ற புளியோதரையை உண்டோம். அங்கே பேரன் மீதிக் கதையையும் சொன்னான். எங்கள் வீட்டுக் கதையும் அங்கேதான் அவனுக்கு முதன்முறையாக முழுவதும் சொல்லப்பட்டது.

நிக் டிரேக்கின் தந்தை பொறியாளர். தேக்கு மர வாணிகம் செய்த பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்தில் பணியேற்று 1930-களில் ரங்கூன் சென்றவர். தாய் மாலி அந்நகரிலேயே 1915-இல் பிறந்தவர். 1937-இல் அங்கேயே இருவருக்கும் திருமணம் நடந்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது மாலியும் அவர் தங்கையும் வெளியேறித் தில்லி வந்து சேர்ந்தனர். ஆம், நம் தில்லிக்குத்தான். அந்த இரு பெண்களும் இங்கே அகில இந்திய வானொலியில் சேர்ந்து பாடினர் என்பது வரலாறு. கேப்ரியல் பிறந்தது 1944-இல் லாகூரில். போர் முடிந்தபின் குடும்பம் மீண்டும் பர்மா சென்றது. 1948 ஜூன் 19 அன்று, பர்மா விடுதலை பெற்ற அதே ஆண்டில், நிக் ரங்கூனில் பிறந்தார். 1950-களின் தொடக்கத்தில் டான்வொர்த்துக்கு வந்து நிலைத்தனர். குழந்தைகளை வளர்த்த கரேன் இனத்துச் செவிலியும் அவர்களுடன் வந்தார். ஐராவதி நாட்டில் பிறந்த அப்பெண் இந்தக் குளிர்தேசத்து மேட்டில் நின்று எதை எண்ணியிருப்பாரோ!

அதே 1942-இல் எங்கள் அப்பத்தாவும் ரங்கூனைவிட்டு வெளியேறினார். எங்களில் ஒருவருக்கு அவர் தந்தையைப் பெற்றவர். மற்றவருக்குப் புகுந்த வீட்டின் மூத்தவர். இருவரும் அப்பத்தா என்றே அழைத்தோம். சிவகங்கைச் சீமையிலிருந்து மணமாகிச் சென்று, அரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதிய கணவருடன் அந்நகரில் இருபது ஆண்டு வாழ்ந்தவர். கப்பலிலும் விமானத்திலும் இடம் கிடைத்தவர் சிலரே. அவ்விடங்களும் பெரும்பாலும் வெள்ளையருக்கே முதலில் ஒதுக்கப்பட்டன. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் அவ்வாண்டு பர்மாவைவிட்டுப் புறப்பட்டனர். அவர்களுள் பெருங்கூட்டம் கால்நடையாகவே நடந்தது. காட்டிலும் மலையிலும் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தோர் பல்லாயிரவர். எங்கள் குடும்பம் புரோம் நகர் வழியாக, டௌங்கப் கணவாயைக் கடந்து அரக்கான் கரைக்கு வந்தது. புறப்பட்டபோது அப்பத்தாவுக்குக் குழந்தைகள் இருவர். பதினான்கு வயது மகன் ஒருவன், இரண்டு வயது மகள் ஒருத்தி. ஊர் சேர்ந்தது மகன் மட்டுமே.

அந்தப் பெண் குழந்தையின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. உடன் நடந்து வந்த எங்கள் தந்தையார் 1975-இல் காலமாகும் வரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்கும் துணிவு எங்களுக்கும் இல்லை. ஒரு படம் இல்லை. ஓர் ஏடு இல்லை.

1978-இல், எங்களுக்கு மணமான மறு ஆண்டு, சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். விளையாட்டாக அதை அப்பத்தாவின் முன் வைத்து, “ஏதாவது பாடுங்கள்” என்றோம். எழுபது வயது கடந்த அவர் கிணற்றடித் திண்ணையில் அமர்ந்து ஒரு தாலாட்டைப் பாடினார். அது ஊர்த் தாலாட்டு அன்று. அவரே கட்டியது. ஆறும் மலையும் கணவாயும் அதில் வந்தன. இறுதியடியில் ஒரு பெயர் வந்தது. பாடி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து சென்றுவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து அவரும் மறைந்தார்.

நாங்கள் அப்பெயரைக் கேட்டோம். ஆனால் மனத்தில் நிறுத்தவில்லை. நாடாவில் பதிந்திருக்கிறதே, எப்போது வேண்டுமாயினும் கேட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான் காரணம். பதிந்து வைத்த பொருளை மனிதன் நினைவில் வைப்பதில்லை.

அதன்பின் நிகழ்ந்தது முற்றும் எங்கள் பிழை. முதற்படி ஒன்றெடுத்துத் திருச்சியில் இருந்த சின்ன அத்தைக்கு அனுப்பினோம். போருக்குப் பின் பிறந்த அவர் தமக்கையைக் கண்டறியாதவர். பிறகு உறவினர் பலரும் கேட்டனர். படியிலிருந்து படி, அதிலிருந்து மற்றொரு படி என்று நாடா கைமாறிக்கொண்டே சென்றது. மூல நாடா எங்கள் கரோல்பாக் வீட்டில் மேற்குறிப்பு ஏதுமின்றி அலமாரியில் கிடந்தது. ஒரு ஞாயிறன்று வானொலியில் நல்ல திரைப்பாடல்கள் வந்தன. பதிவு செய்ய வெற்று நாடா அகப்படவில்லை. கைக்கு எட்டிய ஒன்றைப் போட்டுப் பொத்தானை அழுத்தினோம். எது அழிந்தது என்று அறிந்தபோது ஓராண்டு கடந்திருந்தது. எங்களிடம் எஞ்சியது நான்காம் படியோ ஐந்தாம் படியோ ஆன ஒன்று. அதில் மழை பெய்வதுபோன்ற இரைச்சல். அதற்கடியில் எங்கோ அப்பத்தாவின் குரல். பெயர் வரும் இடத்தில் ஒன்றும் விளங்காது.

பேரன் நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, தான் அந்த இசைத்தட்டுக்குப் பணம் கொடுத்த காரணத்தை விளக்கினான். அது எங்களுக்கு ஒரு பாடமாகவே அமைந்தது. ஆதலால் நேயர்களுக்கும் அதைச் சொல்கின்றோம்.

1971 அக்டோபரில் ‘பிங்க் மூன்’ பதிவாயிற்று. இலண்டன் செல்சிப் பகுதியில், முன்பு பால்பண்ணையாக இருந்த கட்டடத்தில் சவுண்ட் டெக்னிக்ஸ் என்னும் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. இரண்டு இரவுகளில், பாடகரும் ஒலிப்பொறியாளர் ஜான் வுட்டும் மட்டும் இருந்து பதினொரு பாட்டுகளைப் பதிந்து முடித்தனர். அனைத்தும் சேர்ந்து ஏறக்குறைய 28 நிமிடம். அக்காலக் கூடங்களில் கால் அங்குல நாடா நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடுவது வழக்கம். வீட்டுக் கேசட்டின் நாடாவோ அதில் பாதியைவிடச் சற்றே மிகுந்த அகலமே உடையது. ஓடும் வேகமோ நொடிக்கு இரண்டு அங்குலமும் இல்லை. நாடா எவ்வளவு அகலமாகவும் விரைவாகவும் ஓடுகின்றதோ, அவ்வளவுக்கு ஒலி பதிய இடம் மிகுதி, இரைச்சல் குறைவு. ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் பழைய இரைச்சலுடன் புதிய இரைச்சல் சேர்கிறது, நுண்ணொலிகள் மங்குகின்றன. நான்கு முறை படியெடுத்தால் மூச்சு மறையும், விரல் மறையும், பின்னர் சொல்லே மறையும்.

நல்ல மறுபதிப்பு என்பது, படியின் படியை விட்டு மூல நாடாவைத் தேடிச் செல்வது. அந்த நாடாவின் ஒலியைக் கொண்டு, அரக்குச் சாயம் பூசிய அலுமினியத் தட்டில் ஊசியால் வரிப்பள்ளம் வெட்டுகின்றனர். அதன்மேல் வெள்ளிப் பூச்சிட்டு நிக்கல் உலோகம் படியவைத்துப் பிரித்தால் வருவது எதிர்வடிவம். அதை ‘அப்பன்’ என்கின்றனர். அப்பனிலிருந்து ‘தாய்’, தாயிலிருந்து, தட்டுகளை அழுத்தி அச்சிடும் ‘மகன்’. தொழிற்சாலைக்குள்ளும் ஒரு குடும்பம் இருப்பதை அறிந்து வியந்தோம். பழைய 78 சுற்றுத் தட்டுகள், நம் நாட்டு மரங்களில் சிறு பூச்சி சுரக்கும் உண்மையான அரக்கினால் ஆனவை. ரங்கூனில் அப்பத்தா விட்டுவந்த கிராமபோன் பெட்டியுடன் அத்தகைய தட்டுகளும் இருந்தனவாம். இன்று வெட்டுத்தட்டின் பூச்சு பெயரளவில்தான் அரக்கு. அதைச் செய்வோரும் அரியர். 2020 பிப்ரவரி 6 அன்று கலிபோர்னியாவில் பானிங் என்னும் ஊரில் இருந்த ஆலை தீப்பற்றி எரிந்தபோது, உலகில் அத்தகைய தட்டுகள் செய்யும் நிலையம் ஜப்பானில் ஒன்றே மிஞ்சிற்று.

தட்டின் வெளிவட்டத்தில் ஊசியின் கீழ் நொடிக்கு ஐம்பது சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது; உள்வட்டத்தில் இருபது சென்டிமீட்டர் அளவே ஓடுகிறது. ஆகவே நீண்ட தட்டுகளில் கடைசிப் பாட்டுகள் நசுங்கி ஒலிக்கும். ‘பிங்க் மூன்’ பக்கத்திற்குப் பதினான்கு நிமிடமே ஆதலால், நெருக்காமல் அகலமாக வெட்ட இடமுண்டு. தட்டின் எடை 180 கிராம் என்று உறையில் பெரிதாக அச்சிடுகின்றனர். எடை கூடினால் ஒலி கூடும் என்பது வாணிகப் பேச்சு என்று பேரனே ஒப்புக்கொண்டான். 2022-இல் இத்துறையின் பெயர்பெற்ற நிறுவனம் ஒன்று, மூல நாடாவிலிருந்து நேரே வெட்டியவை என்று அன்பர்கள் நம்பியிருந்த தட்டுகளுக்கு இடையே எண்முறைப் படி ஒன்றைப் பயன்படுத்தி வந்ததை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதுவரை செவியால் அதைக் கண்டுபிடித்தவர் அரிதினும் அரிது. எனவே எண்முறையா நாடாமுறையா என்ற வழக்கில் நாங்கள் புகவில்லை. எந்த மூலத்திலிருந்து எடுத்தது, யார் எடுத்தார் என்பதே கேள்வி. நிக் டிரேக்கின் பாட்டுகளைப் பொறுத்தவரை, அன்று பதிந்த ஜான் வுட்டே பிற்காலத்தில் மூல நாடாவிலிருந்து ஒலியைச் சீர்செய்யும் பணியிலும் ஈடுபட்டார். அவ்விரு இரவுகளில் அந்த அறையில் எப்படி ஒலித்தது என்று அறிந்த செவி அவருடையது.

விற்காத தட்டுகளின் மூல நாடாக்களை யாரும் தூக்கி எறியவில்லை. அவற்றின்மேல் வேறு பாட்டும் பதியவில்லை. எங்களை நாணச் செய்தது இதுவே.

இன்னும் ஒன்று உண்டு. மாலி டிரேக்கும் பாட்டியற்றியவர். 1950-களில் டான்வொர்த் வீட்டில் அவர் பியானோ முன் அமர்ந்து பாட, கணவர் வீட்டுக் கருவியில் பதிந்து வைத்தார். உலகம் கேட்பதற்கென்று அவர் பாடவில்லை. அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழித்து, 2013-இல் அப்பாட்டுகள் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டன. மகனுடைய பாட்டின் ஊற்று தாயினுடைய பாட்டில் இருந்ததை அப்போதுதான் பலரும் உணர்ந்தனர். ரங்கூனை விட்டு வந்த பெண்கள் இருவர். இருவரும் வீட்டிலிருந்து பாடினர். இருவர் குரலையும் வீட்டார் பதிந்தனர். ஒரு வீட்டார் காத்தனர். மற்றொரு வீட்டார் நாங்கள்.

மாலை வண்டிக்கு நேரமாயிற்று. மீண்டும் அந்தத் தடத்தில் நடந்தபோது பேரன் கேட்டான்: “நீங்கள் அழித்தது மூல நாடா. முதற்படி எங்கே இருக்கிறது?”

அக்கேள்வியை நாற்பது ஆண்டுகளில் நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. சின்ன அத்தை முன்பே காலமாகிவிட்டார். அவருடன் அதுவும் போயிற்று என்று எண்ணி விட்டிருந்தோம். அன்றிரவே பர்மிங்காமிலிருந்து திருச்சிக்குத் தொலைபேசியில் பேசினோம். அத்தையின் மருமகள், “தேடிப் பார்க்கிறேன், அண்ணி. அவர்களுடைய இரும்புப் பெட்டியை இன்னும் கலைக்கவில்லை” என்றார். மூன்றாம் வாரம், நாங்கள் தில்லி திரும்பியபின், செய்தி வந்தது. பட்டுப்புடவை மடிப்புக்குள், பிஸ்கோத்துத் தகரப் பெட்டியில் நாடா இருந்தது. அத்தையின் கையெழுத்தில் ‘அம்மா’ என்று எழுதியிருந்தது.

அதை உடனே கருவியில் போட்டுவிட வேண்டாம் என்று பேரன் நூறு முறை எச்சரித்திருந்தான். பழைய நாடாவைத் தாங்கும் சிறு கம்பளித் திண்டு உதிர்ந்திருக்கும், பூஞ்சணம் பிடித்திருக்கும், கருவி நாடாவைத் தின்றுவிடும். சென்னையில் ஒலிப்பதிவுத் தொழில் அறிந்த அன்பர் ஒருவர் கூட்டைப் பிரித்து, நாடாவை மட்டும் எடுத்துப் புதிய கூட்டில் சுற்றி, தூய்மை செய்த கருவியில் ஒரே முறை ஓட்டி, அப்போதே கணினியில் சேமித்தார்.

தைத் திங்கள் ஒரு ஞாயிறன்று, கரோல்பாக் வீட்டில் அமர்ந்து அதைக் கேட்டோம். மகளும் பேரனும் பர்மிங்காமில் அதே நேரத்தில் கேட்டனர். முதலில் கிணற்று இராட்டினத்தின் கிறீச்சொலி. ஒரு காகம். “பாடுங்கள் அப்பத்தா” என்று எங்களுடைய இளமைக் குரல். பிறகு அவர் மூச்சை உள்ளிழுப்பது கேட்டது. அந்த மூச்சை நாங்கள் முற்றிலும் மறந்திருந்தோம். ஆறு வந்தது, மலை வந்தது, கணவாய் வந்தது. இறுதியடியில் அந்தப் பெயர் தெளிவாக வந்தது. மூன்றெழுத்துப் பெயர்.

அதை இங்கே எழுதவில்லை. எண்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் அழைக்காத பெயர். சில காலம் வீட்டுக்குள் இருக்கட்டும் என்று விரும்புகின்றோம். ஆனால் தை அமாவாசையன்று முன்னோர் பெயர்களோடு அதையும் சேர்த்துச் சொன்னோம்.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஊர்விட்டு ஊர் வந்த நம் ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் இத்தகைய நாடா ஒன்றேனும் இருக்கும். திருமணத்தில் பாடிய பெரியம்மா, வெளிநாட்டு மகனுக்குக் கடிதத்திற்குப் பதிலாகப் பேசி அனுப்பிய தந்தை, மழலை பேசிய குழந்தை. யார் குரல், எந்த ஊர், எந்த ஆண்டு என்று இன்றே உறைமேல் எழுதுங்கள். படி கிடைத்தது என்று மூலத்தை விட்டுவிடாதீர்கள். மூலம் போய்விட்டது என்று முதற்படியைத் தேடாமல் இராதீர்கள். அதை ஓட்டும் முன் தொழில் அறிந்தவரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை இங்கிலாந்து சென்றால் ஷேக்ஸ்பியர் ஊரையும் பார்க்க எண்ணியிருக்கின்றோம். ஆனால் வழியில் டான்சி நிலையத்தில் மீண்டும் ஒருமுறை இறங்குவோம். இம்முறை வெறுங்கையுடன் செல்ல மாட்டோம்.